புயல் அசைத்த மரத்தளம்

வெளியூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் பிறர் கட்டிய வீடேயாகும். சுவரை எழுப்பியவர் யார், உத்தரம் எந்த மரம், மழைநீர் எவ்வழியே இறங்குகிறது என்பவற்றையெல்லாம் நாம் அறிவதில்லை. முன்பணத்தைக் கொடுத்துச் சாவியைப் பெற்று, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடியேறிவிடுகிறோம். சொந்த ஊர் வீடென்றால், இந்த நிலையை இழைத்த தச்சர் இன்னார், இந்தச் சுவர் இன்ன வெள்ளத்தில் விழுந்து மீண்டும் எழும்பியது என்று சொல்ல ஒரு பெரியவராவது இருப்பார். வந்த ஊரில் அவ்வாறு சொல்பவர் இல்லை. வீட்டின் பலமும் பலவீனமும் நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் ஒரு புயலுக்குப் பிறகேயாகும். அவ்வாறு ஒரு புயல் எங்களுக்குக் கற்பித்தவை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறோம்.

நாங்கள் கல்கத்தாவாசிகள். 2001ஆம் ஆண்டு முதல் இந்நகருக்குக் கொல்கத்தா என்பதே அரசாங்கப் பெயராயினும், தமிழர் வாய்க்குப் பழகிய பெயர் இன்னும் மாறவில்லை. ரயில்வே எழுத்தர் உத்தியோகமே எங்கள் ஜீவனம். லேக் மார்க்கெட்டுக்கு நடந்து போகக்கூடிய தொலைவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்த்தளத்தில் ஒரு வங்காளிக் குடும்பம் வசிக்கிறது. மாடியின் பின்புறத்தில் பன்னிரண்டு அடி நீளமும் எட்டு அடி அகலமும் உள்ள ஒரு மரத்தளம் உண்டு. சால் மரத்து உத்தரங்கள் ஐந்து, ஒரு முனையைச் சுவருக்குள்ளும் மறு முனையை ஒரு நீண்ட குறுக்கு விட்டத்தின் மேலும் வைத்துக் கிடக்கின்றன. அந்த விட்டத்தை மூன்று சால் கம்பங்கள் தாங்குகின்றன. உத்தரங்களின் மேல் தேக்குப் பலகைகள் பரப்பி, மூன்று பக்கமும் கைப்பிடி அமைத்திருக்கிறார்கள். வங்காளிகள் இதனைப் 'பாராந்தா' என்பார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'பலகைத் தளம்'.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மாயவரத்திலிருந்து அம்மா வந்திருந்தார். மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது; பிரயாணி ரயில்கள் நின்றன. ரயில்வேயில் உழைக்கும் குடும்பத்தார் வீட்டிலேயே, ரயிலின்றி ஒரு தாயார் ஊர் திரும்ப வழியற்று இருக்க நேர்ந்தது. மொழி தெரியாத ஊரில், படியிறங்கவும் கூடாத நாட்களில், அவருக்கு இருந்த ஒரே வெளியுலகம் அந்தத் தளந்தான். காலையில் கோலமிட்டு, துளசிக்கு நீர் வார்த்து, பிற்பகலில் வடாம் காய வைத்து, மாலையில் ஜபமாலையுடன் அமர்ந்திருப்பார். கீழ்வீட்டு அம்மையார் தம் பருப்பு 'போரி'த் தட்டுகளையும் எங்கள் தளத்துக்கே கொடுத்தனுப்புவார். தளத்தின் அடியில் விழும் நிழலில், அவர்களுடைய பத்து வயதுப் பெண் பாயை விரித்துப் பாடம் படிப்பாள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே இரு வீடுகளும் அந்தப் பலகைகளின் மேலும் கீழுமாக உறவாடி வந்தன.

அவ்வாண்டு மே மாதம் 20ஆம் நாள் ஆம்பன் புயல் வந்தது. வங்காள விரிகுடாவில் 1999ஆம் ஆண்டின் ஒரிஸாப் புயலுக்குப் பின் 'சூப்பர் புயல்' என்னும் நிலையை எட்டியது இதுவே. பிற்பகலில் சுந்தரவனப் பகுதியில் கரையேறி, மாலையில் கல்கத்தாவை அடைந்தது. நகருக்குள்ளேயே காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல பகுதிகளில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. சாலைகளில் விழுந்த மரங்களை அகற்ற ராணுவத்தையும் அழைக்க நேர்ந்தது. இந்நகரம் புயலுக்குப் புதியதன்று. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இங்கு வீசிய பெரும் புயலும் அதன் பின் வந்த பஞ்சங்களுமே, 1875இல் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை தோன்றக் காரணமாயின என்பார்கள். ஆயினும் இப்போதிருக்கும் தலைமுறை இத்தகைய ஒரு காற்றைக் கண்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் பின்கதவைத் திறந்து பார்த்தோம். அடுத்த மனையிலிருந்த கிருஷ்ணசூடா மரத்தின் பெருங்கிளையொன்று முறிந்து தளத்தின் வடமேற்கு மூலையில் விழுந்திருந்தது. நம் ஊரில் மயிற்கொன்றை என்று சொல்லும் மரம் அது. கண்ணுக்கு அழகு, காற்றுக்கு ஆகாது. நான்கு பலகைகள் பிளந்திருந்தன. கைப்பிடியின் ஒரு பக்கம் ஒடிந்து தொங்கிற்று. மூலைக் கம்பம் சற்றே சாய்ந்திருந்தது. துளசித் தொட்டி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒன்றும் செய்யாமலிருப்பதே. கிளையை இழுத்துத் தள்ள வேண்டும், குப்பையைப் பெருக்க வேண்டும் என்று கைகள் துடிக்கும். ஆனால் ஈர மரத்தின் மேல் எவ்வளவு பாரம் விழுந்தது, எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. கிளையே சில சமயம் முட்டாக நின்றுகொண்டிருக்கும். அதை எடுத்தவுடன் தளம் இறங்கும். அறுந்த மின்கம்பிகள் கிளைகளுக்குள் மறைந்திருப்பதும் உண்டு. ஆகவே பின்கதவைப் பூட்டிக் குறுக்கே ஒரு கட்டிலைப் போட்டோம். கீழ்வீட்டாரிடம் சொல்லித் தளத்தின் அடியிலும் கயிறு கட்டி, ஒருவரும் போகாதபடி செய்தோம். மின்சாரப் பணியாளர் வந்து, கம்பி எதுவும் இல்லை என்று உறுதி கூறிய பின்னரே கிளையை நுனியிலிருந்து சிறிது சிறிதாக அறுத்து இறக்கினோம். அதற்கு முன்பே, குறுக்கு விட்டத்தின் அடியில் இரண்டு இடங்களிலும், சுவரோரமாக உத்தரங்களின் அடியில் மூன்று இடங்களிலும் கெட்டியான சால் கழிகளால் முட்டுக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ஒரு மராமத்துக் காண்டிராக்டர் வந்தார். மேலிருந்தபடியே பார்த்தார். நான்கு பலகைகளை மாற்றி, கைப்பிடியை ஆணியடித்து நிறுத்தி, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, வர்ணம் பூசித் தருவதாகவும், இரண்டே நாள் வேலையென்றும், ஒன்பதாயிரம் ரூபாய் போதுமென்றும் சொன்னார். தொகை எங்கள் கைக்கு எட்டியதாக இருந்தது. அம்மாவும் நான்கு நாட்களாக அறைக்குள்ளேயே அடைபட்டிருந்தார். ஒப்புக்கொள்ள மனம் அவாவியது. அப்போது அம்மாதான் சொன்னார்: "கீழே அந்தக் குழந்தை பாய் போட்டு உட்காரும் இடம் அல்லவா? முதலில் அது பயமில்லாமல் உட்காரட்டும். அதன் பிறகு நான் மேலே உட்காருகிறேன்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு காண்டிராக்டரின் கணக்கு எங்களுக்குப் பொருந்தவில்லை. அவர் எண்ணியது ஒடிந்தவற்றை மட்டுமே. ஒடிந்தது கண்ணுக்குத் தெரியும், உளுத்தது தெரியாது. பலகை ஒன்று பிளந்தால் ஒரு கால் உள்ளே இறங்கும். உத்தரத்தின் முனை சுவரிலிருந்து கழன்றாலோ தளம் முழுவதும் கீழே வரும். எனவே பார்க்க வேண்டிய வரிசை மேலிருந்து கீழன்று: முதலில் சுவரோடு சேருமிடம், பிறகு கம்பங்களின் அடி, பிறகு உத்தரங்கள், அதன்பின் கைப்பிடி, கடைசியில்தான் பலகைகள்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்குத் தட்டிப் பார்க்கும் வித்தை புதிதன்று. வண்டி நிலையத்தில் நிற்கும்போது நீண்ட காம்புள்ள சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிச் சென்ற ஊழியர்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும். இப்போது தண்டவாளத்தின் அடியில் கான்கிரீட் கட்டைகள் கிடக்கின்றன. மரக்கட்டைகள் கிடந்த காலத்தில் அவற்றுள் பெரும்பங்கு சால் மரமே. அதே மரம், அதே சோதனை. கீழே ஏணி வைத்து, முட்டுக் கொடுத்த பக்கமாக நின்றுகொண்டு, ஒவ்வோர் உத்தரத்தையும் அரை அடிக்கொருமுறை சுத்தியலால் தட்டினோம். சந்தேகமான இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினோம். நல்ல சால் மரத்தில் திருப்புளி இறங்காது. அழுகிய மரத்திலோ ஈரமான ரொட்டியில் இறங்குவது போல் இறங்கும்.

நடு உத்தரங்கள் யாவும் கணீரென்று ஒலித்தன. ஆனால் மேற்கோரத்து இரண்டு உத்தரங்களும் சுவரை நெருங்க நெருங்கக் குரல் மாறின. சுவரின் பூச்சைச் சிறிது உடைத்துத் திருப்புளியைச் செலுத்தியபோது அது பிடிவரை உள்ளே சென்றது. நடுக்கம்பத்தின் அடியும் அப்படியே. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் அக்கம்பம் நேராகத்தான் நின்றது. காண்டிராக்டர் அதை விரலாலும் தொடவில்லை. ஆனால் தரையோடு சேருமிடத்தில் நான்கு விரற்கிடை உயரத்துக்கு உள்ளே வெறும் தூளாக இருந்தது. மரம் முழுதும் நீரில் மூழ்கிக் கிடந்தால் எளிதில் அழியாது. முழுதும் உலர்ந்திருந்தாலும் அழியாது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் பூஞ்சணம் பிடித்து அழுகும். மண்ணோடு சேருமிடமும் சுவருக்குள் புதைந்த முனையும் அத்தகைய இடங்கள். சாய்ந்திருந்த மூலைக் கம்பமோ நல்ல மரம். கிளையின் அடியால் நகர்ந்ததே தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. பார்வைக்குக் கெட்டது நல்லதாகவும், பார்வைக்கு நல்லது கெட்டதாகவும் இருந்தன.

அந்த இரண்டு முனைகள் மட்டும் ஏன் அழுகின என்பது அடுத்த கேள்வி. காரணம் தெரியாமல் புது மரம் வைத்தால், அதே இடத்தில் அதே நோய் திரும்ப வரும். அந்த மூலைக்கு நேர்மேலே, மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் சுவரை ஒட்டி இறங்குகிறது. குழாயின் மூட்டுக்கருகில் ஓர் அரசஞ்செடி வேர்விட்டு மூட்டைப் பிளந்திருந்தது. கல்கத்தாவின் பழைய வீடுகளில் அரசும் ஆலும் சுவரில் முளைக்காத வீடு அரிது. ஒவ்வொரு மழைக்கும் அங்கிருந்து கசிந்த நீர் சுவருக்குள்ளேயே இறங்கி, அந்த இரண்டு உத்தர முனைகளையும் நனைத்து வந்திருக்கிறது. புயல் செய்தது ஒரு மாலை நேரத்து வேலை. குழாய் செய்தது பல ஆண்டு வேலை.

வாடகை வீட்டில் ஓர் ஆணியடிப்பதற்கும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் எண்பதை நெருங்கும் முதியவர். நகரின் வேறு பகுதியில் இருப்பவர். தொலைபேசியில் சொன்னபோது, தளத்தையே பிரித்தெறிந்துவிட்டுக் கதவை அடைத்துவிடலாம், செலவு மிச்சம் என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வரும் வாடகை மாதம் 5,500 ரூபாய்தான். நேரில் வந்து ஒருமுறை பார்க்குமாறு வேண்டினோம். மே மாதக் கடைசியில் கைத்தடியூன்றி வந்தார். நாங்கள் ஒன்றும் விளக்கவில்லை. உத்தரங்களைத் தட்டிப் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டோம். தம் கைத்தடியாலேயே நல்ல உத்தரத்தை ஒருமுறையும் கெட்டதை ஒருமுறையும் தட்டினார். மீண்டும் தட்டினார். பிறகு, "இது எங்கள் தகப்பனார் போட்ட தளம்" என்றார். பாதிச் செலவு தம்முடையது என்றும், அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். வாய்ச்சொல்லை விட அந்தத் தாள் இரு தரப்புக்கும் நிம்மதியளித்தது.

வேலைக்கு வந்த தச்சு மிஸ்திரி பாருயிப்பூர்ப் பக்கத்தவர். புயலில் அவருடைய வீட்டுக் கூரையே போய்விட்டது. தார்ப்பாய் கட்டிக் குடும்பத்தை அதனடியில் இருத்திவிட்டு, புறநகர் ரயில் இல்லாமையால் விடியற்காலையில் சைக்கிளில் புறப்பட்டு, எட்டரை மணிக்கு எங்கள் வாசலில் நிற்பார். ஜூன் 3ஆம் நாள் வேலை தொடங்கியது. ஜூன் இரண்டாம் வாரத்தில் இங்கே பருவமழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் முடிய வேண்டும்.

அவர் செய்த வரிசையை அப்படியே சொல்கிறோம். முதலில் மரத்தைத் தொடவேயில்லை. அரசஞ்செடியை வேரோடு எடுத்து, குழாய் மூட்டைப் புதுப்பித்து, சுவரை ஒட்டி நீர் இறங்காதபடி செய்தார். இரண்டாவதாக, நடுக்கம்பத்தின் அழுகிய அடியை அறுத்து, கீழே செங்கல்லும் சிமெண்டும் கொண்டு ஒரு பீடம் கட்டி, அதன்மேல் இரும்புக் காலணி பொருத்தி, மரத்தின் அடி தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும்படி வைத்தார். மூலைக் கம்பத்தையும் தூக்குக் குண்டு பார்த்து நிமிர்த்தினார். மூன்றாவதாக, கெட்ட இரண்டு உத்தரங்களையும் கழற்றி, அவ்விடத்தில் புது சால் உத்தரங்களை வைத்தார். சுவருக்குள் போகும் முனைகளுக்குத் தார் பூசி, அடியில் ஒரு தட்டைக் கல் வைத்து, முனையைச் சுற்றிலும் விரற்கிடை இடைவெளி விட்டார். "மரமும் மூச்சு விட வேண்டும், சிமெண்டால் அடைத்தால் செத்துவிடும்" என்றார் அவர்.

விட்டத்தோடு உத்தரங்களைப் பிணைக்க ஆணிகளை அவர் நம்பவில்லை. காற்று தளத்தை மேல்நோக்கியும் தூக்கும். அப்போது ஆணி உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகையால் துத்தநாகம் பூசிய போல்ட்டுகளை இப்புறமிருந்து அப்புறம் செலுத்தி, இரு பக்கமும் வாஷர் வைத்து முடுக்கினார். பலகைகளுக்கிடையே கால் அங்குலம் விட்டு, வெளிப்புறமாகச் சிறிது சரிவும் கொடுத்தார். கைப்பிடித் தூண்களைப் பலகையில் நிறுத்தாமல் உத்தரத்தோடு போல்ட் போட்டு முடித்தபின், தம் உடல் பாரம் முழுவதும் சாய்த்துத் தள்ளிப் பார்த்தார். எண்ணெய் பூசுவதை மட்டும் கார்த்திகைக்கு ஒத்திவைத்தார். ஈர மரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும் என்பது அவர் கருத்து.

ஒன்பதாம் நாள், செங்கல் கடையிலிருந்து இரவலாக வாங்கிய 25 மணல் மூட்டைகளை, மூட்டை சுமார் 40 கிலோ, தளத்தின் மேல் அடுக்கினோம். ஆக ஒரு டன். கீழே ஒருவரும் வராமல் காவலிருந்தோம். உத்தரத்தின் அடியில் இழுத்துக் கட்டிய நூலை வைத்து அளந்ததில், தச்சர் கணக்கில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தளம் தாழ்ந்தது. மறுநாள் மூட்டைகளை இறக்கியதும் பழைய நிலைக்கே திரும்பியது. அதன் பிறகே முட்டுகளை எடுத்தோம்.

செலவுக் கணக்கு இது. மரம் 14,500 ரூபாய். போல்ட்டும் இரும்பும் 3,200. செங்கல், மணல், சிமெண்டு 2,300. மிஸ்திரிக்கு நாளொன்றுக்கு 800 வீதம் ஒன்பது நாட்களுக்கு 7,200. உதவியாளருக்கு 500 வீதம் 4,500. தாரும் பின்னர் பூசிய ஆளி விதை எண்ணெயும் 1,300. ஆக மொத்தம் 33,000 ரூபாய். இதில் பாதி 16,500, மூன்று மாத வாடகையில் சரியாகக் கழிந்தது. மீதிப் பாதிக்காகத் தீபாவளித் துணி அவ்வாண்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கூலியை எண்ணிக் கொடுத்தபோது மிஸ்திரி தயங்கி நின்றார். கழற்றிப் போட்ட இரண்டு பழைய உத்தரங்களிலும் சுவரோரத்து இரண்டடி போக, ஆறடிக்கு மேல் நல்ல மரம் இருக்கிறது. அதை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். அவர் கூரைக்கு விட்டம் தேவைப்பட்டது. வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கேட்டோம். "விலையா?" என்று மட்டும் கேட்டு, எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். கீழ்வீட்டுத் தாதா யாரையோ பிடித்து ஒரு சிறு லாரியில் இடம் வாங்கிக் கொடுத்தார். அழுகிய பகுதியை அறுத்துத் தள்ளிய பின் எஞ்சிய சால் மரம், அந்த மழைக்காலத்தில் இன்னொரு குடும்பத்தின் தலைக்கு மேலே நின்றது.

இதை எண்ணும்போது ரயில்வேக்காரர்களுக்குப் பாம்பன் நினைவுக்கு வராமல் இராது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல், தனுஷ்கோடியை அழித்து, ஒரு பிரயாணி வண்டியையும் கடலில் தள்ளி, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவற்றைப் பெயர்த்தெறிந்தது. அப்பாலத்தைச் சீர்செய்யும் பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ.ஸ்ரீதரன், கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி மீட்டு, அவற்றையே திரும்பப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை ஓடச்செய்தார். விழுந்ததெல்லாம் வீணன்று, நிற்பதெல்லாம் நல்லதன்று என்று பிரித்தறிவதே பழுது பார்க்கும் தொழிலின் உயிர்நிலை. அது கடல்மேல் கட்டிய பாலமானாலும், கொல்லைப்புறத்துப் பலகைத் தளமானாலும் வேறுபாடில்லை.

முட்டுகளை எடுத்த அன்று மாலை கீழ்வீட்டுப் பெண் தன் பாயை எடுத்து வந்து நிழலில் விரித்தாள். அதை ஜன்னல் வழியே பார்த்த பின்னரே அம்மா தளத்தில் கால் வைத்தார். அடுத்த ஆண்டு தை மாதம் ரயிலேறும் வரை அவருடைய மாலைப் பொழுதுகள் அங்கேயே கழிந்தன. 2024ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இரவு ரெமால் புயல் கரை கடந்தபோது, கல்கத்தாவில் விடிய விடியக் காற்றும் மழையும் அடித்தன. காலையில் தட்டிப் பார்த்தோம். ஐந்து உத்தரங்களும் ஒரே குரலில் ஒலித்தன.

அன்பர்கள் தாம் குடியிருக்கும் வீட்டில் இத்தகைய தளமோ, மரப்படியோ, மாடி முகப்போ இருப்பின், ஆண்டுக்கு இருமுறை, சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும், ஒரு சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு அதன் அடிப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டுகிறோம். பலகை இடுக்கில் தங்கிய சருகைக் குத்தியெடுங்கள். போல்ட் மரைகளை முடுக்குங்கள். சுவரில் ஈரக்கறை கண்டால் அது எங்கிருந்து வருகிறது என்று மேல்நோக்கித் தேடுங்கள். செய்ய வேண்டியதை உரிமையாளரிடம் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடுதானே என்று எண்ண வேண்டாம். அதன் மேலே உட்காருபவர் நம்மைப் பெற்றவர். கீழே உட்காருவது அண்டை வீட்டுப் பிள்ளை.